பழைய பிக்கப் வண்டியின் வீலுக்கு அசல் நிறத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

வீல்களை பிளாஸ்டிங்குக்கு (துகள்களை வேகமாக அடித்துப் பெயிண்டையும் துருவையும் எடுக்கும் வேலைக்கு) அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். அனுப்பிவிட்டால், உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து எந்த நிற வீலோடு வெளியே வந்தது என்பதற்கான முதல் சாட்சி தூசியோடு போய்விடும். பாடியின் நிறத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறவர்கள்கூட வீல் என்று வரும்போது "கருப்பு அடிச்சிடலாம்", "சிவப்புன்னா எடுப்பா இருக்கும்" என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கால பிக்கப்களில் வீலின் நடுவை மூடும் ஹப் கேப் சின்னது. வீலின் பெரும்பகுதி வெளியே தெரியும். அதில் நிறம் தவறினால், பாடிக்குச் செலவழித்த உழைப்பு முழுவதும் பக்கவாட்டில் நின்று பார்க்கிறவர் கண்ணில் உறுத்தலாகவே நிற்கும்.

இங்கே சொல்வது 1930-களிலிருந்து 1960-கள் வரை அமெரிக்காவில் தயாரான செவ்ரோலே, ஜிஎம்சி, ஃபோர்ட், டாட்ஜ், இன்டர்நேஷனல் பிக்கப்களை மனதில் வைத்து. முறை மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும்.

ஒரே விதி கிடையாது

"அந்த வருஷத்து வண்டிக்கெல்லாம் கருப்பு வீல்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். ஒரே வருடத்தில், ஒரே கம்பெனியில், நான்கு காரணங்களால் வீல் நிறம் மாறும்.

முதலாவது, வண்டி ஏற்றும் சுமையின் பிரிவு. முக்கால் டன், ஒரு டன் வண்டிகள் பெரும்பாலும் கருப்பு வீலோடு வந்தவை. அவை வேலைக்குப் போகிற வண்டிகள், அலங்காரம் தேவைப்படாதவை. அரை டன் பிக்கப்பில்தான் பாடி நிற வீல், வெள்ளை வீல், கோடு போட்ட வீல் எல்லாம் வரும். அதனால் அரை டன் செவ்ரோலே 3100-க்குப் படித்ததை முக்கால் டன் 3600-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. போல்ட் ஓட்டைகளை எண்ணினாலே எந்தப் பிரிவின் வீல் என்று பாதி தெரிந்துவிடும். செவ்ரோலே அரை டன்னுக்கு ஆறு ஓட்டை, அவற்றின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம். முக்கால் டன்னுக்கு எட்டு ஓட்டை, ஆறரை அங்குல வட்டம். ஃபோர்டின் அரை டன்களான எஃப்-1, எஃப்-100 என்றால் ஐந்து ஓட்டை, ஐந்தரை அங்குல வட்டம்.

இரண்டாவது, சாதாரண கேபினா, டீலக்ஸ் கேபினா என்பது. மூன்றாவது, இரட்டை நிறமா, ஒற்றை நிறமா என்பது. இரட்டை நிற வண்டியில் வீல் எந்த நிறத்தைப் பின்பற்றும் என்பதை ஊகிக்கவே முடியாது, பெயிண்ட் கம்பெனிகள் வெளியிட்ட அந்த வருடத்து நிற அட்டையில்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது, காலம். 1942 தொடக்கத்தில் போருக்காக குரோம் அலங்காரம் கட்டுப்படுத்தப்பட்டது. கொரியப் போர்க் காலத்தில், குரோமுக்கு அடியில் பூசும் நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அதற்குமுன் குரோமில் வந்த ஹப் கேப்கள் பெயிண்ட் அடித்தே வந்தன. 1952 வண்டிக்கு ஆசை ஆசையாக குரோம் கேப் வாங்கி மாட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கேப் பெயிண்ட் என்றால், அது வீலின் நிறமா வேறு நிறமா என்ற கேள்வியும் கூடவே வரும்.

இதோடு வருடக் குழப்பமும் உண்டு. பதிவுச் சான்றிதழில் இருக்கும் வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம். செவ்ரோலேயின் அட்வான்ஸ் டிசைன் வரிசை 1947 கோடையில் தொடங்கி 1955 மார்ச் வரை ஓடியது. அதே 1955-ல் முற்றிலும் புதிய டாஸ்க் ஃபோர்ஸ் வரிசை வந்துவிட்டது. இரண்டுமே "1955 செவ்ரோலே" தான், ஆனால் ஒன்றின் நிற அட்டை மற்றொன்றுக்கு உதவாது.

அசல் பெயிண்ட் எங்கே ஒளிந்திருக்கும்

முதலில் ஸ்டெப்னியை எடுங்கள். பாடிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி வெயிலைப் பார்க்காதது, மறு பெயிண்ட் அடித்தபோது பெரும்பாலும் யாரும் தொடாதது. சரளைக்கல் படாத பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், நிறம் அப்படியே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்து பார்க்க வேண்டிய இடங்கள்: ஹப் கேப் மூடியிருந்த நடுப்பகுதி, கேப்பைப் பிடிக்கும் கிளிப்புகளின் அடி, பாலன்ஸ் ஈய எடையின் அடி, நடுத்தட்டை ரிம்மோடு இணைக்கும் ரிவெட்டுகளைச் சுற்றிய பள்ளம், வால்வு ஓட்டையின் விளிம்பு, டயரைக் கழற்றியபின் ரிம்மின் உட்பள்ளம். ட்யூப் போட்ட ரிம்மில் உட்பள்ளம் துருப்பிடித்திருக்கலாம், ஆனால் ரப்பர் பட்டை ஒட்டியிருந்த இடத்தில் விரல் அகலத்துக்கு நல்ல பெயிண்ட் தப்பித்திருக்கும். வீலின் பின்பக்கத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். முன்பக்கம் அடித்தபோது பறந்த தூவல்தான் அங்கே இருக்கக்கூடும்.

ஐந்து வீலையும் பாருங்கள். அறுபது, எழுபது வருடத்தில் வீல் மாறாத வண்டி அபூர்வம். வால்வு ஓட்டைக்கு அருகே அல்லது நடுத்தட்டில் தயாரிப்பாளர் பெயரும் தேதிக் குறியும் குத்தியிருக்கும். கெல்சி-ஹேஸ், பட், மோட்டார் வீல், ஃபயர்ஸ்டோன் போன்ற பெயர்கள் வரும். வண்டி தயாரான தேதிக்குப் பிறகான குறியுள்ள வீல் அந்த வண்டிக்குச் சாட்சி சொல்ல முடியாது. ஐந்தில் மூன்று ஒரே அடி நிறத்தைக் காட்டி, குறிகளும் பொருந்தினால் அதை நம்பலாம்.

அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்ப்பது

சுரண்டிப் பார்ப்பது போதாது. கத்தி போட்டால் இரண்டு மூன்று அடுக்கு ஒன்றாகப் பெயரும். 600 நம்பர் தண்ணீர் உப்புத்தாளை விரல் நுனியில் மடித்து, தண்ணீர் தொட்டு, நாணய அளவு இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். நடுவில் சற்று அழுத்தம், ஓரத்துக்கு வர வர அழுத்தம் குறைவு. உலோகம் புள்ளியாகத் தெரிந்தவுடன் நிறுத்தி, 1000 நம்பரால் ஓரத்தை மென்மையாக்குங்கள். மரத்தின் வயது வளையங்கள்போல அடுக்குகள் வரிசையாகத் தெரியும். உள்ளிருந்து வெளியே: இரும்பு, பிரைமர், முதல் நிறம், அப்புறம் வந்தவை. மினரல் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டால், ஈரத்தில் நிறம் பளிச்சென்று தெரியும். அந்த நிலையில் வெயிலில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரும்புக்கு மேலே உடனே செங்கல் நிறத்தில் ஒரு அடுக்கு தெரியும். "அடடா, அசல் சிவப்பு வீல்!" என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அது பெரும்பாலும் ரெட் ஆக்சைடு பிரைமர். பிரைமர் மங்கலாக இருக்கும். விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டாலும் பளபளப்பு வராது. அசல் எனாமல் தேய்க்கத் தேய்க்க மினுங்கும். அந்த மினுக்கைப் பார்த்தபின்தான் "முதல் நிறம்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முதல் நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே அழுக்கு, துரு, அல்லது வேறு பிரைமர் இருந்தால் அந்த இரண்டாவது அடுக்கு பின்னால் அடித்தது. இடையில் எதுவுமே இல்லாமல் இரண்டு நிறம் ஒட்டியிருந்தால், அதுவும் ஒரு வளையமாக மட்டும் தெரிந்தால், அது கோடாக இருக்கலாம். தேய்த்துத் தள்ளுவதற்கு முன் நின்று பாருங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. தண்ணீரில் தேய்த்து, சகதியைக் காகிதத்தால் துடைத்து, மூடிய டப்பாவில் போடுங்கள். பி100 தர வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

மறைந்திருந்த நிறமும் மாறும்

வெயில் படாத இடத்தில் கிடைத்த நிறம் அப்படியே அசல் என்று நினைப்பது இயல்பு. கருப்பு, பச்சை, நீலத்துக்கு அது ஓரளவு சரி. வெள்ளை, கிரீம் நிறங்களுக்குச் சரியில்லை. அந்தக் கால ஆல்கைட் எனாமல் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. வெளிச்சமே படாமல் இருந்தால் அது மஞ்சளாகும். ஹப் கேப்புக்கு அடியில் பதினைந்து இருபது வருடம் கிடந்த வெள்ளை, வெண்ணெய் நிறத்தில் தெரியும். அதைப் பார்த்து "கிரீம் வீல்" என்று முடிவு கட்டினால் தவறு.

இதற்கு எளிய பரிசோதனை இருக்கிறது. அந்த இடத்தில் பாதியைக் கருப்பு டேப்பால் மறைத்து, மீதியை ஜன்னலோர வெளிச்சத்தில் இரண்டு வாரம் வையுங்கள். இருட்டில் வந்த மஞ்சள் வெளிச்சத்தில் கணிசமாகக் குறையும். டேப்பை உரித்து இரண்டு பாதியையும் ஒப்பிட்டால் அசல் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அதே சமயம், அசல் வெள்ளையும் தூய வெள்ளை இல்லை. ஃபோர்டின் விம்பிள்டன் ஒயிட், 1964 முதல் எம் என்ற குறியீட்டில் வருவது, லேசான பால் மஞ்சள் கலந்த வெள்ளை. இன்டர்நேஷனலின் வின்டர் ஒயிட், 9219, அதுவும் பனி வெள்ளை கிடையாது. கடையில் "ஒயிட்" என்று மட்டும் கேட்டு வாங்கி அடித்த வீல், குளிர்சாதனப் பெட்டிக் கதவு மாதிரி நீல வெள்ளையாக நிற்பது இதனால்தான்.

காகிதச் சாட்சிகள்

வண்டியிலேயே இருக்கும் தகடுகளையும் ஸ்டிக்கர்களையும் முதலில் தேடுங்கள். 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஜிஎம் பிக்கப்களின் கிளவ் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நிறக் குறியீடும் அந்த வண்டிக்குப் போட்ட கூடுதல் அம்சங்களின் குறியீடுகளும் அதில் உண்டு. வீல் நிறத்தை அது நேரடியாகச் சொல்லாவிட்டாலும், கேபின் எந்தத் தரம், இரட்டை நிறமா என்பது தெரிந்தால் நிற அட்டையில் சரியான வரியைப் பிடிக்கலாம். இன்டர்நேஷனல் வண்டிகளுக்கு "லைன் செட்டிங் டிக்கெட்" என்ற தயாரிப்புச் சீட்டு உண்டு. வண்டியோடு இல்லாவிட்டாலும் வரிசை எண்ணை வைத்து நகல் எடுத்துத் தரும் உதிரிபாகக் கடைகள் அமெரிக்காவில் இருக்கின்றன.

ஜிஎம் ஹெரிடேஜ் சென்டர் ஒவ்வொரு வருட மாடலுக்கும் தகவல் தொகுப்பு வெளியிடுகிறது. ஃபோர்ட் ஆவணங்களுக்கு டியர்பார்னில் உள்ள பென்சன் ஃபோர்ட் ஆய்வு மையம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் சேகரிப்பு விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது.

இவற்றைவிட நேரடிப் பயன் தருவது பெயிண்ட் கம்பெனிகளின் நிற அட்டைகள். டிட்ஸ்லர், டூபான்ட், ரின்ஷெட்-மேசன், மார்ட்டின்-சீனோர் ஆகியவை ஒவ்வொரு வருடமும் பெயிண்டர்களுக்காக வெளியிட்டவை. கார் அட்டையை எடுத்துவிடாதீர்கள், டிரக் அட்டை தனி. பாடி நிறப் பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் வீல் நிறம், கோட்டின் நிறம் என்ற குறிப்புகள் இருக்கும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது அந்தப் பொடி எழுத்தைத்தான். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் நிறத் துண்டும் வயதானதுதான், அதனால் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிட எண்ணே முக்கியம்.

விற்பனை விளம்பரப் புத்தகங்களைக் கடைசியில் வையுங்கள். அதில் இருப்பவை பல நேரம் ஓவியம், அல்லது தூரிகையால் திருத்திய படம். தவிர டீலக்ஸ் வண்டியைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். தொழிற்சாலையில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் மேலானவை, ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். சிவப்பு வெளிச்சத்தை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் சிவப்பு கிட்டத்தட்ட கருப்பாக விழும். பழைய படத்தில் கருப்பாகத் தெரியும் வீல் சிவப்பாகவும் இருக்கலாம். மட்கார்டின் நிழல் வீல்மேல் விழுந்திருந்தால் பாடியின் சாம்பல் அளவோடு ஒப்பிடாதீர்கள். டயரோடு ஒப்பிடுங்கள், இரண்டும் ஒரே நிழலில் இருக்கின்றன.

ஏற்கெனவே புதுப்பித்த வண்டிகளைப் பார்த்து நிறம் எடுக்கவே வேண்டாம். ஒருவர் ஊகித்ததை அடுத்தவர் நகலெடுத்து, கடைசியில் தவறே வழக்கமாகிவிடுகிறது.

நிறம் கலக்கக் கொடுக்கும்போது

பழைய பெயிண்ட் எண்ணை இன்றைய கலவை எண்ணாக மாற்றித் தரும் கடையிடம் போங்கள். எண் கிடைக்காவிட்டால், காம்பவுண்ட் போட்டுத் தேய்த்த அசல் பகுதியை நிறமானியால் படிக்கச் சொல்லலாம். தேய்க்காத பகுதியைப் படித்தால் மங்கிய நிறத்தையே திருப்பித் தரும். கலந்து வந்ததை முழு வீலில் அடிப்பதற்கு முன் தகட்டில் அடித்து, காய்ந்தபின் வெயிலிலும் குண்டு பல்பு வெளிச்சத்திலும் எல்இடியிலும் அசலோடு வைத்துப் பாருங்கள். ஈய நிறமிகள் இன்று இல்லாததால் சிவப்பும் மஞ்சளும் ஒரு வெளிச்சத்தில் பொருந்தி இன்னொன்றில் விலகும். வெயிலில் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள், வண்டி நிற்கப்போவது அங்கேதான்.

நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் வரும் சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்டே கேளுங்கள். மேலே கிளியர் கோட் போட்ட வீல், நிறம் சரியாக இருந்தாலும் கண்ணாடி போட்ட பொம்மை மாதிரி தெரியும். பவுடர் கோட்டிங்கும் இந்த வேலைக்கு வேண்டாம். நிற வகை குறைவு, படலம் தடிமன். ரிவெட்டுகளின் விளிம்பும் குத்திய எழுத்துகளும் அதில் மூழ்கிவிடும்.

அளவு: 16 அங்குல வீல் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர். ஐந்து வீலுக்கு நான்கு. வீலில் ஸ்ப்ரே செய்யும்போது பாதி பெயிண்ட் ஓட்டைகள் வழியாகப் பறந்துவிடும் என்பதால் எபாக்சி பிரைமர் ஒரு லிட்டர், நிறம் ஒரு லிட்டர் வாங்குங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள், பின்னால் கீறல் தொட உதவும்.

அடிக்கும் வேலை

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. வீல் இரண்டு துண்டாகவோ, பூட்டு வளையத்தோடோ இருந்தால் நீங்களே டயரைக் கழற்ற வேண்டாம். அந்த வகை ரிம்கள் காற்றடிக்கும்போது வெடித்துப் பிரிந்து ஆளைக் கொன்றிருக்கின்றன. ஃபயர்ஸ்டோனின் ஆர்ஹெச்5 வகைக்கு "விதவையாக்கி" என்றே பெயர். கூண்டும் பழக்கமும் உள்ளவர்களிடம் காட்டுங்கள். ஆர்ஹெச்5 என்று தெரிந்தால் ஓட்டுவதற்கு வேறு வீல் பாருங்கள்.

ஒற்றை ரிம் என்றால், பெயிண்டை எடுத்தபின் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, ஓட்டை நீள்வட்டமாகிவிட்டதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வீல் ஓட்டத்துக்கு உதவாது. ஹப்பில் மாட்டிச் சுற்றி, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பாருங்கள். 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணல் வேண்டாம், சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட் அல்லது கண்ணாடித் துகள் போதும். குத்திய எழுத்துகள்மேல் தடித்த டேப் ஒட்டிவிட்டு அந்த இடத்தைக் கையால் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் செய்வதானால் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் மூலம் மின்சாரம் செலுத்தியும் துரு எடுக்கலாம். நெகட்டிவ் வயர் வீலுக்கு, பாசிட்டிவ் சாதாரண இரும்புத் துண்டுக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தினால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் சேரும். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

சுத்தமான இரும்பை அன்றே எபாக்சி பிரைமரால் மூடுங்கள், இரண்டு கோட். குழிகளுக்குத் தடித்துப் படியும் ஹை பில்ட் பிரைமர் அடித்து 400 நம்பரால் தேய்க்கலாம். டயர் உட்காரும் இடத்தில் பட்டி வைக்கவே கூடாது, அழுத்தத்தில் உதிரும். ரொம்பவும் வழவழப்பாக்கவும் வேண்டாம். தொழிற்சாலை வீலில் அச்சு போட்ட தடமும் வெல்டிங் மேடும் தெரியத்தான் செய்யும்.

நட்டு உட்காரும் கூம்புப் பள்ளங்களையும், டிரம்மோடு ஒட்டும் பின்முகத்தையும் மறைத்துவிடுங்கள். காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான் போல்ட் ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும். அங்கே தடித்த பெயிண்ட் இருந்தால் நட்டு இறுக்கும்போது அது நசுங்கி, ஓடும்போது தேய்ந்து, இறுக்கம் தளரும். நட்டு தானாகக் கழன்றதாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்பக்கத்தை முதலில், முன்பக்கத்தைப் பிறகு அடியுங்கள். முதலில் ஓட்டைகளின் உள்விளிம்பு, ரிவெட் பள்ளம், அப்புறம்தான் தட்டையான பரப்பு. வரிசையை மாற்றினால் பள்ளத்தை நிரப்பும்போது பரப்பில் வழியும். இரண்டு நடுத்தரக் கோட் போதும். ஹார்ட்னர் கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு, அதற்கு வெளிக்காற்று செலுத்தும் முகமூடிதான் பாதுகாப்பு.

கோடு

உங்கள் வீலில் கோடு இருந்ததற்கு அடையாளம் கிடைத்தால் மட்டும் போடுங்கள். கிடைத்தால், எத்தனை கோடு, ஒவ்வொன்றின் அகலம், ரிம் விளிம்பிலிருந்து தூரம் எல்லாவற்றையும் வெர்னியரால் அளந்து எழுதிவைத்திருக்க வேண்டும். பழைய பெயிண்டை எடுத்தபின் அளக்க ஒன்றும் இருக்காது.

டேப் ஒட்டிப் போட்ட கோடு ஓரத்தில் படிபோல நிற்கும், கண்டுபிடித்துவிடலாம். வண்டியின் முன் ஹப்பை ஸ்டாண்டில் தூக்கி, பிரேக் உரசாதபடி தளர்த்தி, வீலை அதில் மாட்டுங்கள். ஒருவர் மெதுவாக, ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். மற்றவர் கையை ஒரு கட்டைமேல் ஊன்றி, நீளமயிர்த் தூரிகையில் லெட்டரிங் எனாமலை நிறைத்து, நுனியைத் தொட வைத்து அசையாமல் பிடிக்க வேண்டும். கோடு தானாக வட்டமாக விழும். தொடங்கிய இடத்தில் முடியும்போது தூரிகையை ஓட்டத்தோடு உயர்த்துங்கள், நிறுத்தித் தூக்கினால் சொட்டு நிற்கும். தவறினால் மினரல் ஸ்பிரிட்டால் உடனே துடைத்துவிடலாம், அடியில் உள்ள பெயிண்ட் முழுதாக இறுகியிருந்தால் மட்டும்.

டயர் ஏற்றும் முன்

ஹார்ட்னர் கலந்த பெயிண்டுக்கு ஒரு வாரம், கலக்காத எனாமலுக்கு மூன்று நான்கு வாரம் காய விடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே டயர் கடைக்குக் கொண்டுபோனால் லிவர் பட்ட இடமெல்லாம் தோல்போல உரியும். விளிம்புக்குப் பிளாஸ்டிக் காப்பு போடச் சொல்லுங்கள், டயர் ஓரத்துக்குச் சோப்பு தாராளமாகத் தடவச் சொல்லுங்கள். ட்யூப் டயர் என்றால் ரப்பர் பட்டை புதிதாகப் போடுங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, 80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

ஹப் கேப்பைக் கடைசியில் மாட்டுங்கள். கிளிப் உரசும் இடங்களில் முதலில் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுங்கள். உள்ளங்கையால் ஒரு பக்கத்தைப் பொருத்திவிட்டு எதிர்ப்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரை நேராக நெம்பாமல், அடியில் பழைய பெல்ட் துண்டு ஒன்றை வைத்து நெம்புங்கள்.